பசை அத்தை கொடுத்த சுருக்குப் பைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் ஓவியர் சங்கத் தலைவர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அழுதழுது மூக்கு சிவந்திருக்கும் அருங்காட்சியகத்து அம்மா அவர்களே! எங்கள் பசை அத்தையின் படைப்பை முதன்முதலில் வாங்கிய பல் டாக்டர் ஐயா அவர்களே! ஒரு வேலையையும் சொன்ன நாளில் முடித்துத் தராத ஃபிரேம் கடைக்காரரே! மெழுகு நாற்றம் தாங்கவில்லை என்று வீட்டுக்காரரிடம் எங்கள் மேல் புகார் சொன்ன மாடி வீட்டு டீச்சரம்மா! துருப்பிடித்த தகரத்தை அவளுக்கென்று தனியாக எடுத்து வைத்த பழைய இரும்புக் கடைக்காரரே! அவளைக் குப்பை பொறுக்கி என்று பத்திரிகையில் எழுதிவிட்டு, அப்புறம் அதே பத்திரிகையில் மேதை என்று எழுதிய விமர்சகர் அவர்களே! தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் உங்கள் கண்ணாடி பளபளக்கிறது, தெரிகிறது! ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளிடம் வேலை கற்ற பெண்களே! கட்டுப் போடும் துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்து போகும் நர்ஸம்மா! முன் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் என் தம்பி, அவள் கணவன், பஸ் மெக்கானிக்கே! எல்லாருக்கும் வணக்கம்!

யாரையாவது விட்டிருந்தால் கை தூக்குங்கள். எனக்கு ஞாபகப் பிசகு வந்ததில்லை. நீங்கள்தான் தாமதமாக வந்திருப்பீர்கள்.

நான் அவளுக்கு நாத்தனார். நாத்தனார் என்ன பேசுவாள் என்று உங்களில் பாதிப் பேர் ஆவலாகப் பார்க்கிறீர்கள். மீதிப் பேர் பயந்துபோய்ப் பார்க்கிறீர்கள். தலைவர் பேச்சை எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவருக்கு எழுதத் தெரியும். அவளை எனக்குத்தானே தெரியும்?

இரங்கல் கூட்டம் என்று அழுகையைக் கேட்க வந்தவர்கள் ஏமாந்து போவீர்கள். நான் இங்கே அழ வரவில்லை. ஜெயித்தவளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆமாம், ஜெயித்தவள்! உடைந்த கதவும் பழைய எக்ஸ்-ரே தாளும் கொண்டு ஜெயித்தவள் வேறு யார்? சொல்லுங்கள்!

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலேயே அவள் பெட்டியில் துணிமணிக்கு நடுவில் ஒரு பசை டப்பா இருந்தது. என் பிள்ளைகள் அதைத் திறந்து விரல்களை ஒட்டிக்கொண்டு கூத்தடித்தார்கள். அன்றைக்கே அவள் பசை அத்தை ஆகிவிட்டாள். பிறகு உலகமே அப்படிக் கூப்பிட்டது. என் பால் பாத்திரத்தில் தேன்மெழுகைக் காய்ச்சுவாள். நான் கத்துவேன். கழுவித் தருவாள். மறுநாள் பாலில் ஈ விழுந்த மாதிரி மெழுகுப் பொட்டு மிதக்கும். மறுபடி கத்துவேன். இப்படித்தான் குடித்தனம் நடந்தது.

"மிக்ஸட் மீடியான்னா என்ன?" என்று, படைப்புக்குக் கீழே அவள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, என் தம்பி ஒருநாள் அவளிடம் கேட்டான்.

"கையில கிடைச்சதெல்லாம்."

"அப்போ என்னையும் ஒட்டிடுவியா?"

"உங்க கால் ஏற்கெனவே உள்ள இருக்கு" என்றாள். நிஜம்தான். பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும்போது உடைந்த அவன் காலின் எக்ஸ்-ரே படத்தைத்தான் அவள் ஒரு பழைய கதவில் கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய முதல் கண்காட்சி நூலகத்து மாடியில் நடந்தது. ஒரே அறை. வழக்கமாக நாற்காலி அடுக்கி வைக்கிற அறை. நானும் போனேன். போய்ப் பார்த்தால் எதிர்ச் சுவரில் என் திரைச்சீலை! சாப்பாட்டு அறையில் தொங்கிய என் நல்ல திரைச்சீலை! மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மெழுகு ஊற்றி, கீழே பொத்தான்கள் தைத்து, "ஜன்னல்" என்று பேர் வேறு எழுதி வைத்திருந்தாள்.

"ஏய்! இது என்னோடது!"

"ஆமாக்கா."

"சலவைக்குப் போயிருக்குன்னு சொன்னியே!"

"போயிருந்துச்சு. அங்கிருந்து நேரா இங்க வந்துடுச்சு."

"இத்தனை பேர் முன்னாடி சொல்ல வெக்கமா இல்ல உனக்கு?"

"வெயில் பட்டுப் பட்டு அது வெளுத்திருந்த அழகு இருக்கே அக்கா, அந்த வெளுப்பை எந்தப் பெயின்ட் டப்பாலேர்ந்து நான் எடுப்பேன்? சொல்லுங்க!"

நாங்கள் போட்ட சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது. பல் டாக்டர் ஐயா அப்போது இளைஞர். மெல்லக் கிட்டே வந்து, "அம்மா, இந்தத் துணி எந்தப் பக்கத்து ஜன்னல்ல இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். மேற்குப் பக்கம் என்றேன். திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சாயங்காலம் தெரியுது" என்றார். தன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு அதை வாங்கிக்கொண்டார். என் திரைச்சீலை போனது போனதுதான். ஆனால் ஐயா, இன்றைக்கு அருங்காட்சியகத்தில் அந்தப் படைப்பின் முன்னால் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது நான் பக்கத்தில் போய் நின்று, "இது என்னோட திரைச்சீலை" என்று சொல்லாத நாள் உண்டா? காவல்காரரைக் கேளுங்கள்!

படைப்பைப் பொதிந்து கொடுத்தபோது அவள் ஒரு சின்னச் சுருக்குப் பையையும் டாக்டர் கையில் கொடுத்தாள். உள்ளே அதே திரைச்சீலையில் மிச்சத் துண்டு, அதே நூல், ஒரு ஊசி, இரண்டொரு பொத்தான், ஒரு கட்டி மெழுகு.

"இது பிரியும் டாக்டர். நூல் விடும், மெழுகு உதிரும். அப்ப என்னைக் கூப்பிடாதீங்க. நீங்களே ஒட்டிக்கோங்க."

"எனக்கு ஒட்டத் தெரியாதேம்மா."

"பல்லு ஒட்டுறீங்கல்ல?"

இப்படிச் செய்த கலைஞர் வேறு யாராவது உண்டா? விற்ற பிறகு ஒரு விரல் பட்டாலும் துடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவளோ வாங்கியவர் கையில் ஊசியைக் கொடுத்தாள்! ஒவ்வொரு படைப்போடும் ஒரு பை. பை இல்லாமல் ஒன்றும் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "காசு கொடுத்தா வீட்டுக்கு வரும். ரிப்பேர் பண்ணாத்தான் வீட்டுப் பொருளாகும்" என்றாள்.

அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பெரிய ஊர்களில் மாட்டினார்கள். வாங்கியவர்களிடமிருந்து வாங்க ஆட்கள் அலைந்தார்கள். சேகரிக்கிறவர்கள் எங்கள் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். குப்பை என்று எழுதிய பேனாவே மேதை என்று எழுதியது! அருங்காட்சியகத்து அம்மா, நீங்கள் வந்த நாளைச் சொல்லட்டுமா? சொல்லத்தான் போகிறேன்.

"ஜன்னல்" எங்களுக்கு வேண்டும் என்று இந்த அம்மா கையுறை மாட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் போனார். பார்த்தால் நடுவில் வேறு ஒரு நூல் ஓடுகிறது. பளபளவென்று வெள்ளை நூல்.

"யார் இதைத் தொட்டது?"

"நான்தான். அவங்க கொடுத்த நூல் தீர்ந்துடுச்சு. பல்லிடுக்குல விடுற நூல் இருந்துச்சு, அதைப் போட்டேன்."

சாவுச் செய்தி சொல்ல வருகிறவர் மாதிரி எங்கள் வீட்டுக்கு வந்தார் இந்த அம்மா. தண்ணீர் குடித்தார். விஷயத்தைச் சொன்னார். பசை அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் காட்டிய போட்டோவைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"அடடா, எவ்வளவு நேர்த்தியா இழுத்திருக்கார்! நான் போட்ட தையலைவிட நல்லாருக்கே!"

"அம்மா, இதைப் பிரிச்சு எடுத்தாத்தான் எங்களால வாங்க முடியும்."

"அப்போ வாங்காதீங்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். காபி வேண்டுமா என்று கேட்பதுபோலச் சொன்னாள்.

இந்த அம்மா போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். கடைசியில் பல் நூலோடுதான் வாங்கினார்கள்! போய்ப் பாருங்கள்! படைப்புக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது: மரம், திரைச்சீலை, தேன்மெழுகு, பொத்தான், பல் நூல். யார் தோற்றார்கள்? யாரும் தோற்கவில்லை. இன்று இந்த அம்மாவே வாரத்தில் ஒருநாள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு ஊசி கோக்கிறார். இதைவிட ஒரு கலைஞருக்கு வெற்றி வேண்டுமா?

இனி மூன்று கதவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் மேடை ஏறினேன்.

நாங்கள் இருந்த பழைய வீட்டை இடித்தபோது உள் கதவுகள் மூன்றையும் அவள் கழற்றி வந்தாள். சமையலறைக் கதவில், நான் ஈரக் கையோடு தள்ளித் தள்ளி ஒரு பக்கம் கறுத்துப் போயிருந்தது. வர்ணம் அடித்து மறைப்பாள் என்று நினைத்தேன். அந்தக் கறுப்பின் மேல் மட்டும் மெழுகை ஊற்றி, விளக்குப் போட்டதுபோல ஆக்கிவிட்டாள். மற்ற இரண்டு கதவுகளிலும் கை பட்டுக் கறுத்த இடமெல்லாம் அப்படியே மெழுகு. கண்ணாடி இருந்த இடத்தில் என் தம்பியின் கால் எலும்பு. கீல்களுக்குப் பதில் கிழிந்த சட்டைத் துணி. எந்தப் படைப்பையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதவள், "அக்கா, இது சரியா வந்துடுச்சு" என்றாள்.

மூன்று கதவும் சேர்ந்த அந்தப் படைப்பைப் பெட்டிக்காரர் வாங்கினார். அது நான் வைத்த பேர். அவர் எதை வாங்கினாலும் பெட்டியில் போட்டு, சீல் வைத்து, குளிரூட்டிய கிடங்கில் அடுக்கிவிடுவார். அது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. சுருக்குப் பையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இந்தக் கந்தலெல்லாம் எதுக்கும்மா? என்கிட்ட வந்தா எதுவும் பிரியாது. காத்து, வெளிச்சம் எதையும் பட விடமாட்டேன்."

பை எங்களிடமே தங்கிவிட்டது.

அவளுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்த வருஷம், கதவுகளைப் பெட்டிக்குள் எப்படி அடுக்கினார்கள் என்று, அவருக்காகப் பொதிந்து கொடுத்த ஆளிடமிருந்து தெரிய வந்தது. மெழுகுப் பக்கமும் மெழுகுப் பக்கமும் முகத்தோடு முகம்! நடுவே தாள்கூடக் கிடையாது. நாளாக ஆக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரித்தால் தோல் உரிகிற மாதிரி உரிந்து வரும். உடனே திறந்து நடுவில் தாள் வைத்தால் போதும். ஒரு மத்தியான வேலை. அவ்வளவுதான்!

போன் செய்தாள். செய்துகொண்டே இருந்தாள். கடைசியில் தம்பி வண்டி ஓட்ட, மூவரும் கிடங்குக்கே போனோம். உள்ளே குளிர். கம்பி வலைக்குப் பின்னால் பெட்டி தெரிந்தது. அவள் வலைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். எட்டவில்லை. பெட்டிக்காரர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார்.

"ஒரு மத்தியானம் திறந்து விடுங்க சார். நானே செஞ்சுட்டுப் போயிடுறேன்."

"சீல் உடைஞ்சா மதிப்பு இறங்கிடும்மா."

"உள்ள மெழுகு ஒட்டிக்கிச்சுன்னா படைப்பே போயிடும்."

"உள்ள இருக்குறது யாருக்கும்மா தெரியப் போகுது? சீல் இருக்குறது எல்லாருக்கும் தெரியும்."

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். வண்டியில் ஏறிய பிறகு, "அவர் வாங்கினது பெட்டியைத்தான் அக்கா, கதவை இல்ல" என்று சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. நான் சிரிக்கவில்லை. இன்னும் சிரிக்கவில்லை.

அன்பானவர்களே! அருங்காட்சியகம் அவள் படைப்புகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கப் போகிறது. கேட்டவர்கள் எல்லாரும் தருகிறேன் என்றார்கள். நர்ஸம்மா கட்டுத் துணி வைத்து ஒட்டியது வருகிறது. இரும்புக் கடைக்காரர் கம்பி முறுக்கிக் கட்டியது வருகிறது. எத்தனை கைகள்! எத்தனை விதமான தையல்! ஒரு மனுஷி செய்ததை இத்தனை பேர் சேர்ந்து உயிரோடு வைத்திருக்கிறார்கள். இவளா செத்தவள்? பெட்டிக்காரர் மட்டும் தரமாட்டேன் என்றுவிட்டார். மூன்று கதவுகளின் அகலத்துக்கு ஒரு சுவரை வெறுமையாக விடப் போகிறார்கள். விடட்டும். பார்க்கிறவர்கள் கேட்கட்டும்!

இந்தச் சபையில் வைத்துச் சொல்கிறேன். அவளுடைய வேலை அறை பூட்டப்படாது. அடுப்பும் மெழுகும் அங்கேயே இருக்கும். பிரிந்ததைக் கொண்டு வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் ஊசி பிடிக்கக் கற்றுத் தருவார்கள். என் பால் பாத்திரத்தையும் அங்கேயே வைத்துவிட்டேன். மூன்று கதவுகளுக்கான பை என்னிடம் இருக்கிறது. எனக்குப் பிறகு இந்தப் பெண்களில் ஒருத்தியிடம் இருக்கும். அந்தப் பெட்டியை என்றைக்காவது ஒருத்தர் திறந்தே ஆக வேண்டும். அன்றைக்கு நம்மில் ஒருத்தி ஊசியோடு அங்கே நிற்பாள். இது சத்தியம்!

விமர்சகரே, உங்களை எப்போதோ மன்னித்தாகிவிட்டது. முன்னால் வந்து உட்காருங்கள். டீச்சரம்மா, உங்களையும்தான், அரை மனசாக. என் திரைச்சீலையை எடுத்தவளையும் மன்னித்துவிட்டேன்.

அவளை அடக்கம் செய்து வந்து என் தம்பி ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. நான்தான் எடுத்தேன். "ரொம்ப வருத்தம்மா" என்றது குரல். நன்றி என்றேன். "செஞ்சு முடிக்காம ஏதும் வீட்டுல இருக்கா?" என்றது. இல்லை என்றேன். "அப்போ இனிமே புதுசா ஒண்ணும் வெளிய வராதுல்ல? உறுதிதானே?" என்றது. இனி இருப்பதற்கு விலை ஏறும் என்ற நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. என் காதால் கேட்டேன்.

அந்த ஒருவரை நான் மன்னிக்க மாட்டேன். பெட்டிக்காரரை.