ஏழாவது நிமிடத்து அலறல்

எனக்கு இரைச்சல் ஆகாது. மிக்ஸி ஓடினால்கூட அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவன் ஒரு ராக் குழுவுக்கு ஒலிப்பதிவாளனாக இருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எங்கள் கச்சேரிகளில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டதில்லை.

குழுவில் மூன்று பேர். கிட்டார்காரன் கம்பிகளைத் தகரத்தால் உரசுவான். டிரம்காரன் வேண்டுமென்றே தாளம் தப்புவான். ஆர்கன்காரன் ஒரே கட்டையை இருபது நிமிடம் அழுத்திக்கொண்டு வேறெங்கோ பார்ப்பான். ஒரே ஒரு இசைத்தட்டு வந்தது. பதினொரு பேர் வாங்கினார்கள், இரண்டு பேர் திருப்பிக் கொடுத்தார்கள்.

முப்பத்தெட்டு வருடம் கழித்து யாரோ அதைப் பழைய சாமான் கடையில் கண்டெடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். இப்போது ஊர் உலகமெல்லாம் அதில் வரும் ஏழாவது நிமிடத்து அலறலைப் பற்றித்தான் பேச்சு. 'மனிதத் தொண்டையின் எல்லை' என்று ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார்.

போன வாரம் கிட்டார்காரனின் அக்கா என் ரிப்பேர் கடைக்கு வந்தார். கையில் போன், அதில் அந்த அலறல்.

"தம்பி, ஷாக் அடிச்ச உடனே போயிட்டான், அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு நீதானே சொன்னே?"

"ஆமாக்கா."

"அப்ப இது யாரு?"

"பாட்டுதான்க்கா அது."

"அவனா? என்னைக் கூப்பிடக்கூட விசில்தான் அடிப்பான். முப்பத்தெட்டு வருஷமா நீ சொன்னதை நம்பித்தான் நான் தூங்குறேன். சொல்லு."

சொன்னேன்.

அந்தத் தட்டுக்காக ஸ்டுடியோவில் பதிவு செய்த அன்று ஆம்ப்ளிஃபையரில் ஓயாத உறுமல். எர்த் ஒயரைக் கழற்றினால் உறுமல் போய்விடும். எங்கள் தொழிலில் பலரும் செய்ததுதான். கழற்றியபின் பெட்டியைத் தொட்டேன், சுர்ரென்றது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திரும்ப மாட்டச் சொல்வார்கள்.

ஏழாவது நிமிடத்தில் அவன் கம்பிகளைப் பிடித்தபடி விசிலடிக்க மைக்கை நெருங்கினான். உதடு பட்டது. மற்ற இருவரும் அவன் புதுசாக என்னவோ முயல்கிறான் என்று உற்சாகமாகி வேகத்தைக் கூட்டினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு மட்டும் விஷயம் புரிந்தது.

பிறகு அவர்கள் இருவரும் வாத்தியத்தையே தொடவில்லை. தட்டை நான்தான் வெளியிட்டேன், அவன் நினைவாக.

"எவ்வளவு நேரம்?" என்றார் அக்கா.

"நாற்பது விநாடி."

"சுவிட்ச் எங்க இருந்துச்சு?"

என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அவன் குரல் சட்டென்று ஏறிவிட்டது. ஒலி அளவு காட்டும் முள் சிவப்புக்குப் போகாமல் பிடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே.

"நல்லாக் கேட்டுப் பாருங்கக்கா," என்றேன். "ஒரு இடத்துலகூட அவன் குரல் உடையல."