ஜெபப் பெட்டியில் ஒரு சீட்டு

— அங்கியில அந்தக் கையையே எத்தனை தடவைக்கா இஸ்திரி போடுவ? அங்கி கருகிடப் போகுது.

— சுருக்கம் போகலடி.

— எப்பவோ போயாச்சு. குடு, நானே தேய்ச்சுக்கிறேன்.

— சும்மா உக்காரு. நாலு மாசத்துக்கு அப்புறம் நாளைக்குத்தான் சர்ச்சுல மறுபடி பாட்டுக்குழுவில நிக்கப் போற... பளிச்சுன்னு இருக்க வேணாமா?

— அடேங்கப்பா, என்ன அக்கறை! நாளைக்கு நீயும் வர்றல்ல?

— எனக்கு... தலைவலியா இருக்கு.

— நாளைக்கு வரப்போற தலைவலி இன்னைக்கே சொல்லிட்டு வருதாக்கும்.

— கிண்டல் பண்ணாத. யார் யார் வர்றாங்க?

— எல்லாரும்தான். என் நாற்காலியில சாக்பீஸால அசிங்கமா எழுதினானுங்களே, அந்த ரெண்டு பேர். பக்கத்துல உக்காந்தா ஒட்டிக்கும்னு எந்திரிச்சுப் போனாளே, கீபோர்டுக்காரர் மக... எல்லாரும் முன்னாடி வந்து மன்னிப்பு கேக்கணுமாம். போதகர் கண்டிப்பா சொல்லிட்டார்.

— அவரும் கேக்கிறாரா?

— அவர்தான் முதல்ல. "பொண்ணு பொண்ண விரும்பினா சபைக்கு என்ன கேடு? கேலி பண்ணினதுதான் கேடு. மாற வேண்டியது நீ இல்லம்மா, நாங்க." நம்ம வாசல்ல நின்னு சொன்னார். அம்மாகூட அழுதாங்க. நீதான் அடுப்படிய விட்டு வெளியவே வரல.

— பால் வச்சிருந்தேன்...

— ஒரு மணி நேரமாவா?

— இந்த ஓரம் இன்னும் சுருங்கியே இருக்கு...

— அக்கா! துணி கருகுற வாசம் அடிக்குது பாரு!

— அந்தச் சீட்டு... ஜெபப் பெட்டியில யாரோ போட்டாங்களே...

— "பாட்டுக்குழுவில் கடைசியில் நிற்கும் பெண், பெண்களையே விரும்புகிறாள். அவள் மாற ஜெபியுங்கள்." மைக்குல வாசிச்சாங்க. எனக்கு மனப்பாடம்.

— அது... நான்தான்டி.

— ம்.

— கெடுக்கணும்னு இல்லடி. சத்தியமா. நீ நம்ம வீட்டுல முதல்ல காலேஜுக்குப் போனவ, ஊருக்கெல்லாம் நியாயம் பேசுறவ... உங்கிட்ட நேரா கேக்க எனக்கு வாய் வரல. கடவுள்கிட்ட கேட்டேன். பேர்கூட போடலியே...

— பேர் வேற போடணுமா? பக்கத்து வீட்டுப் பாட்டியோட மூட்டு வலிகூட நமக்கு அந்த மைக்குலதான் தெரிஞ்சுது. வாரா வாரம் வாசிக்கிறது உனக்குத் தெரியாதா?

— தெரியும்... தெரிஞ்சேதான் போட்டேன். நாலு பேர் சொன்னா நீ மாறிடுவன்னு...

— நாலு பேர் நல்லாவே சொன்னாங்க.

— நாளைக்கு நானும் முன்னாடி வந்து சொல்லிடுறேன்டி. போதகர் அந்தச் சீட்ட வச்சுக்கிட்டு, யார் கையெழுத்துன்னு தேடுறாராமே...

— இப்பத் தேடல. போன வாரமே எங்கிட்ட காட்டிக் கேட்டுட்டார். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

— என்ன... என்னடி சொன்ன?

— நானே எழுதிப் போட்டேன்னுட்டேன்.

— ஐயோ... எதுக்குடி? என்னைக் காப்பாத்தவா?

— இல்ல. அவங்கல்லாம் மன்னிப்பு கேட்டுட்டு லேசா அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. நீ அங்க சொல்லிட்டு லேசாயிட முடியாது; எங்கூடதானேக்கா இந்த வீட்டுக்கு வரணும்.