ஒத்திகை விருந்து

கெலுகோர் போகும் பேருந்தில் நான் என் நிறுத்தத்தைக் கோட்டைவிட்டது முன் இருக்கைப் பெண்களால்தான். ஹோட்டல் சீருடையில் இருந்தவள் பக்கத்திலிருந்தவளின் தோளைத் தட்டினாள்.

"நேத்து எனக்கே நாற்காலி இழுத்துப் போட்டாங்கக்கா!"

"எங்கடி?"

"எங்க ஹோட்டல்லதான்! அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க மட்டும் சாப்பிட்ட ஹாலை நாளைக்குத் திரும்பத் திறக்கறாங்க. ஒத்திகைக்கு எங்கள்ல பாதிப் பேரு கெஸ்ட், பாதிப் பேரு பரிமாறணும்."

"ராணி மாதிரி சாப்பிட்டியா?"

"எங்க! பக்கத்து மேசையில கிளாஸ் காலி. கை சும்மா இருக்குமா? ஜக்கைத் தூக்கிட்டேன். திரும்பிப் பார்த்தா, கெஸ்ட்டா உட்கார்ந்திருந்த மேனேஜரும் தட்டு எடுக்கறாரு!"

"அப்ப யாருதான் உட்கார்ந்து சாப்பிட்டது?"

"கெஸ்ட்டா வந்த சமையல்கார அண்ணன் மட்டும்தான். தான் வச்ச சூப்பையே குடிச்சிட்டு, 'உப்பே இல்ல, சமைச்சவனக் கூப்பிடு'ங்கறாரு லா!"