எட்டு ஐஸ்கட்டி

— டேய், அம்புக்குறியைப் பார்த்தியா இல்லையா? ஃபிரிட்ஜுக்குத் தண்ணி போற ஃபில்டரைத் தலைகீழா மாட்டுறே.

— அக்கா, தயவுசெஞ்சு வாயை மூடிக்கிட்டு டார்ச்சைப் பிடி.

— அம்புக்குறி ஃபிரிட்ஜைப் பார்த்து இருக்கணும். அட்டைப்பெட்டியிலயே படம் போட்டிருக்கான். நாலு மாசத்துக்கு ஒருதடவை வீட்டை எட்டிப் பாக்குற பெரிய மனுஷனுக்கு அதைப் படிக்க நேரமில்ல.

— கழட்டுறேன், போதுமா? இவ்வளவு சட்டம் பேசுறவ, ஒரு வாரமா ஃபிரிட்ஜ்ல தானா ஐஸ் விழலேன்னா ஆளைக் கூப்பிட வேண்டியதுதானே?

— காலைல போனா சாயங்காலம் வரேன், எப்படா கூப்பிடுறது? ட்ரேயில தண்ணி ஊத்தி உறைய வச்சுக் குடுக்குறேன். ஒரு நாளைக்கு எண்ணி எட்டு ஐஸ்கட்டி. கிட்னி போன மனுஷனுக்கு டாக்டர் சொன்ன கணக்கு.

— உன் கணக்கோட லட்சணம்தான் போன மாசம் ஆஸ்பத்திரில தெரிஞ்சுதே! நுரையீரல்ல நீர் கோத்துக்கிட்டு மூணு நாள் மூச்சுக்கு அல்லாடினாரு அப்பா. 'வீட்ல யாரு இவருக்கு இவ்வளவு தண்ணி குடுத்தது'ன்னு அந்த நர்ஸ் எல்லார் முன்னாடியும் கேட்டா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

— நான் குடுக்கலடா! எத்தனை தடவை சொல்றது?

— பின்ன யாரு, பக்கத்து வீட்டுப் பூனையா?

— எனக்குத் தெரியாது. தெரியாம நானே தினமும் செத்துக்கிட்டிருக்கேன், நீ வேற.

— சரி, டியூப்பை வாளியில விடு. முதல்ல புது ஃபில்டர்ல இருக்குற கரித்தூளோட கருப்பாத்தான் வரும். அது போனப்புறம் ஃபிரிட்ஜ்ல மாட்டலாம்... என்ன இது, ஒரு சொட்டு வரல?

— சிங்க்குக்குக் கீழ வால்வைப் பாரு.

— மூடியிருக்கு. அக்கா, இது இறுக்கி மூடியிருக்கு!

— மூடியிருக்கா?

— நடிக்காத. ஃபில்டர் அடைச்சுக்கிச்சுன்னு என்னை வரவச்சுட்டு, நீயே மூடி வச்சிருக்கே. நாக்கு வறண்ட கிழவன் ஐஸ் கேட்டுத் தொல்லை பண்றான்னுதானே?

— போன மாசம் தண்ணி குடுத்துக் கொல்லப் பார்த்தேன்னே. இப்ப குடுக்காம கொல்றேங்கிறே. ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைடா!

— ஒண்ணுதான் சொல்றேன். அப்பா இனி இங்க வேண்டாம். இன்னைக்கே என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

— மூணு மாடி ஏறி? வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸுக்கு நீ தூக்கிட்டு இறங்குவியா? போன திங்கக்கிழமை வேலை முடிஞ்சு வந்து பார்த்தா, இதே சிங்க்கு முன்னாடி தரையில உக்காந்திருக்காரு. விழுந்துட்டேன்னாரு. நான்தான்டா அக்குள்ல கைகுடுத்துத் தூக்கினேன். அம்மா போய் ஏழு வருஷம், எனக்குன்னு வீட்ல இருக்குறது அவர் ஒருத்தர்தான். அவரையும் பிடுங்கிட்டுப் போறியா?

— பேசாத. இதோ, திறந்தாச்சு. பாரு, எப்படிக் கொட்டுதுன்னு!

— அப்பா! நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? சுவத்தைப் பிடிங்க, சுவத்தைப் பிடிங்க.

— அவளைத் திட்டாதடா. அதை மூடினது நான்.

— நீங்களா? குனியவே முடியாத நீங்களா? எதுக்குப்பா?

— இவ வேலைக்குப் போயிட்டா வீடே சத்தமில்லாம கிடக்கும். ஃபிரிட்ஜுக்குள்ள ஐஸ் மட்டும் டொக்கு டொக்குன்னு விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டா என்னால உக்கார முடியலடா. போன மாசம் கிண்ணம் கிண்ணமா அள்ளித் தின்னேன். அந்த நர்ஸ் கேட்டப்போ, தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன்.

— என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா.

— வெக்கமா இருந்துச்சும்மா. திங்கக்கிழமை நான் விழல, அதை மூடத்தான் தரையில உக்காந்தேன். டேய், முதல்ல அந்த வால்வை மூடு. வாளியில தண்ணி விழறது எனக்குக் கேக்குது.