ஸ்டாண்டர்ட்தான் மச்சான்

பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினைப் பெரிசாக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். அவசரப்படாதீர்கள், முதலில் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு ஆசை அதிலேயே அடங்கிவிடும். மீதிப் பேருக்கு பிரேக் பிடிக்கும்போது அடங்கும்.

நீங்களே சிரிக்கிறீர்கள் சார். கடைக்கு வருகிறவர்களும் இப்படித்தான் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, "அண்ணே, காதுக்காரர் எங்கே? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்" என்பார்கள்.

காதுக்காரர் என்றால் என் மச்சான். மனைவியின் அண்ணன். கடை எங்கள் இருவருக்கும் பொது. சிலிண்டரைக் குடைவது, பிஸ்டன் பொருத்துவது, அளவு எடுப்பது எல்லாம் என் வேலை. தூசி ஆகாது என்பதால் பின்பக்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்வேன். நான் மூடிக் கொடுத்த இன்ஜின் காரில் ஏறிய பிறகுதான் அவர் வருவார். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு எந்த சிலிண்டரில் கோளாறு என்று விரலை நீட்டுவார். பிரித்துப் பார்த்தால் அதுதான். ஒருதரம்கூடத் தப்பியதில்லை. எப்போதாவது தப்பியிருந்தால் நீங்களும் நானும் இன்றைக்கு இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம் என்று நினைக்கிறேன்.

நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவர் நிற்கிற மாதிரியே நின்று, அவர் மூடுகிற மாதிரியே கண்ணை மூடி. எனக்கு இன்ஜின் என்றால் ஒரே இரைச்சல். ஓடுகிறதா, ஓடவில்லையா, அவ்வளவுதான் தெரியும். அவர் விரலை நீட்டியதும் "ஆமா மச்சான், அங்கதான்" என்று தலையாட்டுவேன். ஒன்றும் கேட்டிருக்காது.

பொறாமை என்று எழுதிக்கொள்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது கிடையாது. நல்ல மனிதர். கடைப் பலகையில் என் பெயரைத்தான் முதலில் போடச் சொன்னார். ஜனங்கள் அதைப் படிக்காமல் காதுக்காரர் கடை என்றே சொன்னார்கள் என்றால் அதற்கு அவர் என்ன செய்வார்? வீட்டில் மிக்சி கரகரவென்றால்கூட என் மனைவி ஸ்விட்சை அணைத்துவிட்டு, "இருங்க, நீங்க கை வைக்காதீங்க. அண்ணன் வந்து கேட்டுட்டுச் சொல்லட்டும்" என்பாள். கட்டின புருஷன் மெக்கானிக். எதிரேதான் உட்கார்ந்திருப்பேன்.

சரி, பல் டாக்டரின் காருக்கு வருகிறேன்.

அது அவருடைய அப்பா ஓட்டிய கார். வட்ட முகப்பு விளக்கு, மரத்தில் செய்த டேஷ்போர்டு. இன்ஜின் முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. எப்படியும் பிரித்துக் கட்டத்தான் வேண்டும். டாக்டருக்கு மலைமேல் இன்னொரு கிளினிக் இருந்தது. இதே காரில் போக வேண்டும் என்று ஆசை. ஏற்றத்தில் வண்டி முக்குகிறதே, பிரிப்பது பிரிக்கிறோம், கொஞ்சம் பெரிசாக்கிவிடலாமா என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். நான் அளந்துவிட்டுச் சொன்னேன்: மூன்று மில்லிமீட்டர் குடைந்தால் நூற்றிருபது சிசிக்கு மேல் கூடும். உலோகம் தாங்கும். வேறொரு வாடிக்கையாளர் வேண்டாமென்று விட்டுப்போன பெரிய பிஸ்டன்களே அலமாரியில் இருக்கின்றன.

மச்சான் அந்தப் பக்கமாகப் போனவர் நின்றார். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் சிலிண்டர்கள் இருக்கிற இரும்பு பிளாக்கை அங்கங்கே தட்டினார்.

"வேண்டாம் டாக்டர். இந்தப் பக்கம் சுவர் மெலிசு. அப்படியே தாங்கினாலும் பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற ராடு, ரேடியேட்டர், பிரேக் எல்லாம் பழைய அளவுக்குச் செஞ்சது. ஒரே ஒரு பல்லை மட்டும் பெருசாக் கட்டிவிட்டா வாய் மூடுமா, நீங்களே சொல்லுங்க."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "போதும்ப்பா, புரிஞ்சுது. ஸ்டாண்டர்டாவே கட்டுங்க."

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. என் கையில் அளவு எடுக்கிற கேஜ் இருந்தது. அதில் முள் என்ன காட்டுகிறது என்று இரண்டு பேரில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

நான் பின்னறைக்குப் போய் மூன்று மில்லிமீட்டர் குடைந்தேன்.

கெட்ட எண்ணத்தில் இல்லை சார். கார் நன்றாக ஓடட்டும், மலை ஏறட்டும், எல்லாரும் பாராட்டட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான். மச்சான் ஒருதரம் தப்பு என்று தெரிந்தால் அவருக்கும் நல்லதுதானே. பெரிய பிஸ்டனைப் போட்டேன், மேல்மூடியான ஹெட்டை வைத்து இறுக்கினேன். மூடிய பிறகு வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்று சொல்கிறேன்.

முதல்முறை ஸ்டார்ட் செய்தபோது அவர் கண்ணை மூடி நின்றார். வழக்கத்தைவிட அதிக நேரம்.

"மாப்பிள்ளை, சத்தம் பெருசா இருக்கே. எவ்வளவு குடைஞ்சீங்க?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் முகத்தில் ஒன்றைப் பார்த்தேன். சந்தேகம். அவர் இன்ஜினைச் சந்தேகப்படவில்லை. என்னையும் சந்தேகப்படவில்லை. அளவு விஷயத்தில் நான் அதுவரை பொய் சொன்னதே கிடையாது.

"ஸ்டாண்டர்ட்தான் மச்சான்" என்றேன்.

அவர் சுண்டுவிரலைக் காதில் விட்டு ஆட்டிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

பெரிய இன்ஜினுக்குப் பெட்ரோலும் கொஞ்சம் கூட வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளை, அந்த ஜெட்டை மாற்ற வேண்டும். அவர் காது அதைச் சரியாகச் சொன்னது. "பெட்ரோல் பத்தலை மாப்பிள்ளை, பசியில அழற மாதிரி இருக்கு" என்றார். ஸ்டாண்டர்ட் இன்ஜினுக்கு ஸ்டாண்டர்ட் ஜெட்தானே மச்சான், கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா என்றேன். பெரிய ஜெட்டைக் கையில் எடுத்தார். பார்த்தார். மறுபடியும் டப்பாவிலேயே போட்டுவிட்டார்.

அன்றைக்கு நான் வீட்டில் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன் என்று மனைவி சொன்னாள்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாகவே நடந்தது. ஒன்றில் சந்தேகம் வந்தவருக்கு எல்லாவற்றிலும் வந்துவிட்டது. வேறு வண்டிகளைக் கேட்கும்போதும் விரலை நீட்டுவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்ப்பார். "ரெண்டாவதுதானே மாப்பிள்ளை?" என்பார். எனக்கு என்ன தெரியும்? சில நேரம் ஆமாம் என்பேன், சில நேரம் உதட்டைப் பிதுக்குவேன். காது டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். வயதுக்கு ஏற்ற குறைவுதான், மெல்லிய சத்தம் கொஞ்சம் விட்டுப்போகும் என்றார் அவர். எங்கள் தொழிலில் இருக்கிற எவரைக் கொண்டுபோய்ப் பரிசோதித்தாலும் அதைத்தான் சொல்வார்கள். தொழிலில் எல்லாருக்கும் இப்படித்தான் என்று மச்சானுக்கு நான் சொல்லவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

என் மனைவி அழுதாள். "அண்ணனுக்கு அது ஒண்ணுதாங்க சொத்து. நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்துக்கணும்" என்றாள். பார்த்துக்கொண்டேன். வாடிக்கையாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அவரே அனுப்பிவைத்தார். "மாப்பிள்ளைகிட்டக் கேளுங்க, எனக்கு இப்பல்லாம் சரியா வர்றதில்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

பெயின்ட் வேலையும் முடிந்து கார் தயாரான பிறகு, ஒரு நாள் பல் டாக்டர் மலை கிளினிக்கிலிருந்து கூப்பிட்டு, வண்டியை மேலேயே கொண்டுவந்து கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார். மச்சான் எடுத்துக்கொண்டு போனார். நல்ல வெயில். பாதி மலையில், வளைவில், ராடு உடைந்து பிளாக்கைக் கிழித்திருக்கிறது. எண்ணெய் பின் சக்கரங்களுக்கு அடியில் கொட்டியிருக்கிறது. மீதி உங்களுக்குத் தெரியும். கீழே இறங்கி அவரைத் தூக்கியவர்கள் உங்கள் ஆட்கள்.

இன்ஜினைப் பிரித்துப் பார்த்தீர்கள். பெரிய பிஸ்டன்கள் இருந்தன. டாக்டர் சொல்லித்தான் போட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். மச்சானுக்கும் தெரியும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், மறுத்துப் பேச ஆள் இல்லை. அடுத்தவர் மேல் பழி போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

போன் விஷயத்தைக் கேட்கிறீர்கள். மலை அடிவாரத்திலிருந்து என் நம்பருக்கு வந்த அழைப்பு. என் மனைவியும் கேட்டாள். அண்ணன் கடைசியாக என்ன சொன்னார் என்று. கிளம்புகிறேன் என்று சொன்னார், அவ்வளவுதான் என்றேன். பொய் இல்லை. கடைசியாகச் சொன்னது அதுதான்.

அதற்கு முன்னால் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன்.

"மாப்பிள்ளை, ஏதோ தட்டற மாதிரி இருக்கு. நிஜமாத் தட்டுதா, என் காதுதான் தட்டுதான்னு தெரியல. வண்டியை ஓரமா நிறுத்தியிருக்கேன், இன்ஜினை அணைக்கல. பானெட்டுகிட்ட போனைப் பிடிக்கறேன், கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா மேல ஏறாம இங்கயே நிறுத்திடறேன்."

பிடித்தார். நான் வழக்கம்போல இரைச்சலுக்குத் தயாராகக் கண்ணை மூடினேன்.

கேட்டது சார். எனக்குக் கேட்டது. இரைச்சலுக்கு உள்ளே, தனியாக, கதவை விரல்முட்டியால் தட்டுகிற மாதிரி. ராடு பேரிங் தேய்ந்து போய்க்கொண்டிருந்தது. அது மட்டுமில்லை, எந்த சிலிண்டர் என்றும் தெரிந்தது. யாரும் விரலை நீட்டவில்லை. நானே கண்டுபிடித்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் அருமை புரிந்துகொள்ளக் கூடியவர் ஒருத்தர்தான். அவர்தான் லைனில் இருந்தார். ஆனால் சொல்லிவிட்டால் அவர் காதும் சரி என்று ஆகிவிடுமே.

"ஒண்ணும் கேக்கலை மச்சான். சுத்தமா இருக்கு. ஏறுங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான். கெளம்பறேன்" என்றார்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். அதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்கலாமா? பிரித்துப் பார்த்தபோது உடைந்திருந்த ராடு எந்த சிலிண்டருடையது என்று உங்கள் ஆட்கள் குறித்து வைத்திருப்பார்கள். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் சார். மூன்றாவதுதானே?