பூட்டிய அறைக்குக் காவல்

சிவபிரகாஷ்: இன்னும் அந்தப் புத்தகத்தை மூடலையா நளினி? ஞாயித்துக்கிழமையாச்சும் புருஷனோட ரெண்டு வார்த்தை...

நளினி: பேசலாமே. சாயங்காலம் கார்த்திகா டியூஷனுக்கு வருவா. ப்ளஸ் டூ பாடத்துல ஒரு பழைய பங்களாக் கதை. பயமா இருக்கும். கேக்குறீங்களா?

சிவபிரகாஷ்: பேய் வருமா?

நளினி: வராது. புருஷன்தான் வருவான்.

சிவபிரகாஷ்: ஆரம்பிச்சிட்டியா...

நளினி: கடலோரத்துல பங்களா. பொண்டாட்டிக்கு வெளிக்காத்து ஆகாதுன்னு சொல்லி, ஒவ்வொரு ஜன்னலா ஆணி அடிச்சு மூடறான்.

சிவபிரகாஷ்: அவளுக்கு என்ன சீக்கு?

நளினி: ஒரு சீக்கும் இல்ல. ஆனா தினமும் சொல்லுவா, 'நீங்க இல்லாட்டி என்னை யாரு இப்படிப் பாத்துக்குவா'ன்னு.

சிவபிரகாஷ்: நல்ல பொண்ணு.

நளினி: அவனும் அப்படித்தான் நெனச்சான். அதைத்தான் இங்கிலீஷ்ல 'ஐரனி'ன்னு சொல்றாங்க.

சிவபிரகாஷ்: மத்லப்? அப்படின்னா?

நளினி: வாய் ஒண்ணு சொல்லும், அர்த்தம் வேற ஒண்ணா இருக்கும். படிக்கிறவங்களுக்குப் புரியும். அவனுக்கு மட்டும் புரியாது.

சிவபிரகாஷ்: சரி, அப்புறம்?

நளினி: கடைசியில அவ அறையையே வெளிய பூட்டி, வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டான். மூணு நாள் காவல். அவ முந்தின நாளே சமையக்கட்டு வழியா கெளம்பிப் போயிட்டா.

சிவபிரகாஷ்: காலி ரூமுக்கா காவல் இருந்தான்? பாகல், சரியான பைத்தியம்.

நளினி: குளிர்ல அங்கயே செத்தான். கல்லறையில ஊர்க்காரங்க எழுதி வெச்சாங்க, 'மனைவியைக் கண்ணாகக் காத்தவன்'னு.

சிவபிரகாஷ்: ...பாவம்தான். அன்புலதானே செஞ்சான்.

நளினி: அன்புலயா?

சிவபிரகாஷ்: பின்ன? இப்ப உன்னையே எடுத்துக்க. முதுகு வலிங்கற. இந்த மழையில பெரார்கஞ்ச் வரைக்கும் தினம் பஸ்ல போய் வர முடியுமா உன்னால?

நளினி: பெரார்கஞ்சா?

சிவபிரகாஷ்: சும்மா... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

நளினி: டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தாத்தானே எந்த ஊர் ஸ்கூல்னு தெரியும். வரவே இல்லன்னு சொன்னீங்களே.

சிவபிரகாஷ்: ...டீ போடவா?

நளினி: உக்காருங்க.

சிவபிரகாஷ்: போஸ்ட்மேன் வந்தப்ப நீ குளிச்சிட்டிருந்த. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

நளினி: எங்க வெச்சிருக்கீங்க?

சிவபிரகாஷ்: ஆபீஸ்ல... என் ட்ராயர்ல. உன் நல்லதுக்குத்தான் நளினி. என் சம்பளத்துல நமக்கு என்ன குறை?

நளினி: எட்டு வருஷமா பரீட்சை எழுதி வாங்கின வேலை. என் பேர் போட்டு வந்த கவர். எனக்கு எது நல்லதுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?

சிவபிரகாஷ்: கேட்டா நீ போறேன்னுதான் சொல்லுவ.

நளினி: சொல்லுவேன். இப்பவும் அதையேதான் சொல்றேன்.

சிவபிரகாஷ்: இனி சொல்லி என்ன... வெள்ளிக்கிழமையோட சேர வேண்டிய நாள் முடிஞ்சு போச்சு. சோடோ, விட்டுடு நளினி. கோவப்படாத.

நளினி: என்கூடப் பரீட்சை எழுதின மெஹர்பானுவுக்கும் அதே லிஸ்ட்லதான் வேலை. என் பேரைப் பாத்துட்டு அவதான் போன் பண்ணினா. நேரா எஜுகேஷன் ஆபீஸுக்கே போய் ஆர்டர் காப்பி கேட்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலையிலேயே பெரார்கஞ்ச் போய் வேலையில சேர்ந்துட்டேங்க. நீங்களா வாயத் திறந்து சொல்றீங்களான்னு பாக்கத்தான் ரெண்டு நாளா பேசாம இருந்தேன்.