படிக்கட்டுக்கு அடியிலிருந்து எட்டுப் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தவருக்கு

கனிவின் கருவூலமே! கண்டிப்பின் கலங்கரை விளக்கே! வாயில்லாப் பூச்சிகளாய் இருந்த எங்களை வழக்காட வைத்த வல்லவரே! இருபத்தாறு ஆண்டுகள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் சிறப்பாசிரியையாய்ப் பணியாற்றி இன்று விடைபெறும் அம்மையே, வணக்கம்!

பள்ளி நிர்வாகத்தின் மடலை இப்போதுதான் வாசித்தார்கள். உங்கள் பொறுமையை வரிக்கு வரி புகழ்ந்தார்கள். மன்னியுங்கள் அம்மா, நாங்கள் போற்ற வந்தது உங்கள் கோபத்தை.

அந்தக் கோபத்தை எங்களில் முதலில் கண்டவர், பேருந்து ஓட்டும் தகப்பன். அவர் மகளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மனக்கணக்கிலோ வகுப்பையே தூக்கிச் சாப்பிடுவாள். ஐந்து பள்ளிகள் கையை விரித்த பிறகு ஆறாவதாக இங்கே வந்தார். தலைமையாசிரியர் நாற்காலியை விட்டு எழாமலே சொன்னார்: "எங்களுக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா மத்த பிள்ளைங்க படிப்பு கெடக் கூடாது பாருங்க. வீட்லயே வெச்சுப் பாத்துக்குங்களேன்."

கதவோரம் நின்றிருந்த நீங்கள் உள்ளே வந்தீர்கள். "அவ பாவம் பாக்கச் சொல்லி வரல சார், படிக்க வந்திருக்கா. சேர்க்கைப் படிவத்தக் குடுங்க, நானே நிரப்புறேன்."

படிவம் கிடைத்தது. அவளைத் தொடர்ந்து மேலும் ஏழு பிள்ளைகள் சேர்ந்தார்கள். இடம்? மாடிப்படிக்கு அடியில், உடைந்த பெஞ்சுகளைக் குவித்திருந்த அறை! சன்னல் கிடையாது. மணியடித்ததும் தலைக்கு மேலே நூறு கால்கள் தடதடவென இறங்கும். சத்தம் தாங்காமல் காதைப் பொத்தி அலறும் தையற்காரரின் மகனைத் தோளில் சாய்த்தபடியே பாடம் நடத்தினீர்களே! நிமிர்ந்தால் மண்டை இடிக்கும் அறையில் எட்டுப் பிள்ளைகளைத் தலைநிமிர வைத்தீர்களே!

ஆய்வுக்கு அதிகாரி வருவதற்கு முந்தைய நாள், எங்கள் கைபேசிகளுக்கு ஒரு செய்தி வந்தது: "நாளை உங்கள் பிள்ளைக்கு விடுமுறை." பள்ளிக்கு விடுமுறை இல்லை, எங்கள் எட்டுப் பேருக்கு மட்டும்! உண்மையைச் சொல்கிறோம், நாங்கள் பேசாமல் இருந்திருப்போம். அவமானம் அவ்வளவு பழகிப்போயிருந்தது. நீங்கள்தான் ஒவ்வொருவரையும் அழைத்தீர்கள்.

"பிள்ளைங்களக் குளிப்பாட்டி, தலை சீவி, எட்டரைக்கெல்லாம் கூட்டிட்டு வந்துடுங்க. ஒளிச்சு வைக்க அவங்க என்ன திருட்டுச் சாமானா?"

மறுநாள் முன்வாசல் கூடத்தில் பாய் விரித்து வகுப்பை நடத்தினீர்கள். அதிகாரி நின்றார். "இவங்க யாரு?"

"இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, ஐயா. இவங்க ரூமைப் பாக்கணும்னா குனிஞ்சு வரணும்."

குனிந்து போனவர் வெளியே வந்தபோது, ஓட்டுநரின் மகள் அவரிடம் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னாள்: "அங்க ஃபேன் இல்ல. லைட்டு இருக்கு, எரியாது."

பத்தே நாளில் உங்களுக்கு இடமாற்ற உத்தரவு! பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தீர்களாம். பிள்ளைகளைப் பொந்தில் அடைத்தது களங்கமில்லை. அதைக் காட்டிக்கொடுத்ததுதான் களங்கமாம்! எட்டுக் குடும்பமும் பிள்ளைகளோடு கல்வி அலுவலக வாசலில் உட்கார்ந்தோம். "பிள்ளைங்கள வெயில்ல வெச்சு நாடகம் ஆடாதீங்க" என்றார் ஓர் எழுத்தர். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியறியாத தையற்காரர் எழுந்தார்.

"ரெண்டு வருஷமா இருட்டுல கெடந்தாங்க சார். அப்ப யாரும் கேக்கலையே."

நான்காம் நாள் உத்தரவு ரத்தானது. தரைத்தளத்தில் காற்றும் வெளிச்சமுமாய் ஓர் அறை கிடைத்தது. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளமும் கட்டினார்கள். அந்தச் சாய்தளத்தைத்தான் தங்கள் சாதனையென்று இன்றைய அழைப்பிதழின் அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள்!

அழைப்பிதழில் அச்சிடாத செய்தி நேற்றுத்தான் எங்கள் காதுக்கு எட்டியது. உங்களோடு உங்கள் பணியிடமும் ஓய்வு பெறுகிறதாம். வேறு சிறப்பாசிரியர் வரமாட்டாராம். ஏனென்று கேட்டால், "எட்டுப் பேர்தானே" என்கிறார்கள். மாலையும் கையுமாய் மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, எத்தனை பேர் சேர்ந்தால் எங்கள் பிள்ளைகள் உங்கள் கணக்கில் பிள்ளைகள் ஆவார்கள்?

அன்புக்குரிய அம்மையே! உங்கள் முழங்கால் வலி தீரட்டும். காலை வெயில் முகத்தில் படும்வரை இனி நிம்மதியாய்த் தூங்குங்கள். பல்லாண்டு நலமும் நிறைவும் பெற்று, பேரன் பேத்திகள் சூழ வாழுங்கள். எங்களைப் பற்றிய கவலை வேண்டாம். பணியிடம் கேட்கும் மனுவை இந்த முறை நாங்களே எழுதிவிட்டோம். விழா முடிந்ததும் பிள்ளைகளோடு நேரே கல்வி அலுவலகத்துக்குப் போகிறோம்.

என்றும் நன்றியுடன்,
எட்டுப் பிள்ளைகளின் பெற்றோர்,
துப்புரவுப் பணி செய்யும் அக்கா,
இருபத்திரண்டு ஆசிரியர்களில் கையெழுத்துப் போட முன்வந்த மூவர்.